சந்தனவிளைப் பள்ளிக்கூடத்து உலை

சந்தனவிளை அரசு தொடக்கப்பள்ளியில் உலை கொதிக்க மறுத்த முதல் நாள், சத்துணவு சமைக்கிற செல்லக்கனிக்கு வந்ததெல்லாம் கோபம்தான். கேஸ் தீர்ந்துபோயிற்றோ என்று சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், அது கனமாகத்தான் இருந்தது. அடுப்பில் நீலத் தீ நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் அண்டாவுக்குள் கையை விட்டால் தண்ணீர் அப்போதுதான் கிணற்றிலிருந்து இறைத்த மாதிரி சில்லென்று இருந்தது, போட்ட அரிசி போட்டபடி அடியில் கிடந்தது. பின்பக்கம் கல் கூட்டி, விறகை அடுக்கி, வகுப்பறையெல்லாம் புகைந்து பிள்ளைகள் இருமி இருமிக் கண்ணைக் கசக்கும்வரை எரித்தும் பார்த்தாள், தண்ணீரில் ஒரு ஆவி எழும்பவில்லை. எமல்டா டீச்சர் வந்து ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நேத்து ஒழுங்காத்தானக்கா இருந்திச்சு?" என்று கேட்டாள், பிறகு தன் கைக்காசில் பிஸ்கட் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஊறிய அரிசியைச் செல்லக்கனி வீட்டுக்குக் கொண்டுபோய்க் குக்கரில் வைத்தபோது அது எந்த வம்பும் பண்ணாமல் வெந்து, மல்லிகைப்பூ மாதிரி மலர்ந்தது.

மறுநாள் கோயில் கொடை விழாவுக்குப் பொங்குகிற பித்தளை அண்டாவை இரவல் வாங்கி வைத்தார்கள், அதுவும் கொதிக்கவில்லை. அதற்கடுத்த நாள் கோயில் தர்மகர்த்தா பலவேசம் வந்து அடுப்புக்கு விபூதி போட்டார். பக்கத்து ஊரான சூசையூர்ப் பெண்கள் தங்கள் கோயிலில் மந்திரித்த தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார்கள். யாரோ மிளகாய் வற்றலைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள், அது மட்டும் நன்றாகக் கருகி ஊரையே தும்ம வைத்தது. ஏன் கொதிக்கவில்லை என்ற கேள்வி அந்த வாரத்தோடு ஊருக்குச் சலித்துப்போயிற்று; மழை ஏன் பெய்யவில்லை என்று எத்தனை நாள்தான் கேட்பது? இந்த உலைக்கு என்ன வேண்டுமாம் என்பதுதான் அதற்குப் பிறகு டீக்கடையில் பேச்சாக இருந்தது.

இந்த இடத்தில் பழைய விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. கடலோரத்தில் அங்கே மூன்று சின்ன ஊர்கள். நடுவில் சந்தனவிளை, அங்கே அம்மன் கோயில். வடக்கே மணலோடு நடந்துபோனால் சூசையூர், அங்கே சூசையப்பர் கோயிலும் வள்ளங்களும். தெற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் பீர்குடி, அங்கே ஒரு தர்காவும் உப்பளமும். மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரு பள்ளிக்கூடம் என்று அரசாங்கம் சொன்னபோது, அதை எங்கே கட்டுவது என்று பலவேசத்தின் அப்பா அம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளை அரளி வைத்து ஒரு பொட்டலம், அது சந்தனவிளைக்கு. சிவப்பு அரளி வைத்து ஒரு பொட்டலம், அது சூசையூருக்கு. விவரம் தெரியாத ஒரு பச்சைப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள், வெள்ளை வந்தது. பீர்குடிக்கென்று ஒரு பொட்டலம் கட்டவில்லை. வஞ்சம் வைத்து யாரும் விட்டுவிடவில்லை. அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அம்மன் கொடுத்த பள்ளிக்கூடம். பீர்குடியில் நின்றால் பள்ளிக்கூட மணி தெளிவாகக் கேட்கும், ஆனால் நடுவில் ஓடை. ஓடையை விட்டுச் சுற்றி வந்தால் பெரிய ரோட்டுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அதனால் ஜூன் மாதம் பீர்குடிப் பிள்ளைகளின் பெயர் பள்ளிக்கூடத்தில் ஏறும், அப்புறம் ஓடையில் தண்ணீர் ஏறும், பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். பெயர் இருந்தால் போதும் என்று பள்ளிக்கூடமும் பேசாமல் இருந்துவிடும்.

கண் டாக்டர் வந்த நாளில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. டாக்டர் வந்த வேன் பீர்குடிக்கும் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. முதலில் இறங்கியவள் ஐந்தாம் வகுப்பு ஹலீமா, அவளுக்குப் பின்னால் இரண்டு பையன்கள், கடைசியாக ஒன்றாம் வகுப்புச் சபூரா, அவள் உயரத்துக்கு வேன் படி எட்டாமல் குதித்தாள். அவள் கால் பள்ளிக்கூட மண்ணில் பட்டதும் சமையல் கூடத்தில் அண்டா மூடியைத் தூக்கிப்போட்ட சத்தம் கேட்டது. செல்லக்கனி ஓடிப்போய்ப் பார்த்தால் உலை தளதளவென்று கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருந்தது.

பெயர் ஏறிய பிள்ளைகள் எல்லாம் வந்தால்தான் உலை கொதிக்கும் என்று ஊர் புரிந்துகொண்டது. ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. பலவேசம் டவுனுக்குப் போய், தனக்குத் தெரிந்த பிரியாணிக் கடைக்காரரின் மகனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து, தலையில் புதுத் தொப்பி போட்டு, அண்டாவுக்கு நேராக ஸ்டூலில் உட்காரவைத்தார். "பீர்குடிப் பிள்ளைதான்" என்று அண்டாவைப் பார்த்துச் சத்தமாக வேறு சொன்னார். அந்தப் பையன் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தான், உலையில் ஒரு குமிழி வரவில்லை. அப்புறம் தன் வீட்டிலேயே சோறாக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் சோறு முழுக்க வேகாத அரிசியாகிப் பாத்திரத்தில் கலகலத்தது. தர்மகர்த்தாவின் பேரனும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான், அன்று அவனும் அழுதான்.

பிறகென்ன, முறை வைத்தார்கள். காலையில் பீர்குடிக் கரைக்குப் போய்ப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றி ஓடையைக் கடந்து கொண்டுவருவது ஒரு நாள் சந்தனவிளை ஆட்கள், மறுநாள் சூசையூர் ஆட்கள். சபூராதான் கடைசி, அவளுக்கு யார் தோளிலும் ஏறப் பிடிக்காது. அவள் வரும்வரை அண்டா ஊமையாக இருக்கும், அவள் வந்ததும் கொதிக்கும். பீர்குடிப் பிள்ளைகள் காலையில் குர்ஆன் ஓதப் போய்விட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவார்கள் என்பது சந்தனவிளைக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த நாளில் பெருநாள், எந்த நாளில் தர்காவில் கந்தூரி, அன்றைக்குப் பிள்ளைகள் வருவார்களா மாட்டார்களா என்று கேட்டுக்கேட்டு ஊருக்கே மனப்பாடமாயிற்று. பிறை தெரிந்ததா என்று தர்கா லெப்பையைவிட அதிகக் கவலையாக வானத்தைப் பார்த்தவர் பலவேசம்தான். சூசையப்பர் திருவிழாவுக்கு விடுமுறை எத்தனை நாள் என்பது அம்மன் கோயில் பூசாரிக்குத் தெரிந்திருந்தது. இதையெல்லாம் அன்பு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் வயிற்றுப்பாடு.

செப்டம்பரில் சூசையூரிலிருந்து ஒரு குடும்பம் கொச்சிக்குத் தொழிலுக்குக் கிளம்பியது. அவர்கள் வீட்டுப் பையன் வராததால் அன்று காலை முழுக்க அண்டா அசையவில்லை. அவர்கள் ஏறிய பஸ் ஊர் எல்லையைத் தாண்டிய அதே நேரத்தில் உலை கொதித்துவிட்டது. இனி வராத பிள்ளைக்கு உலை காத்திருக்காது என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். செல்லக்கனிக்கு அது நல்ல விஷயமாகத்தான் அன்று பட்டது.

அந்த மாதமே பீர்குடியிலிருந்து சபூராவின் உம்மா ஜைலானி நாலு பெண்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்து வெடித்த கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, எங்கள் கரையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், உப்பளத்துக் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, ஒரு டீச்சர் மட்டும் வந்தால் போதும், நீங்கள் எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

பலவேசம் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "தாயி, நீ சொல்லுதது லேசு. இங்க இருக்கதே கொஞ்சம் பிள்ளைய. அதுலயும் நாலு பேர அங்க கொண்டுபோனா, எண்ணிக்கை கொறஞ்சிட்டுன்னு இதையும் இழுத்துப் பூட்டிருவான். அம்மன் குடுத்த எடம் இது."

"அம்மன் எங்களுக்கு மாட்டேன்னு சொல்லலியே மாமா. எங்க பேர்ல பொட்டலமே கட்டலைன்னுல்ல சொல்றாக."

பலவேசம் மேசையிலிருந்து கையை எடுத்தார். செல்லக்கனிக்குள் பயம் திமிறிக்கொண்டு எழுந்தது. புருஷன் போனபிறகு அந்த அடுப்புதான் அவளுக்குக் கதி. பிள்ளைகள் குறைந்தால் சமையல்காரி எதற்கு என்று ஒரு கடுதாசியில் எழுதி அனுப்பிவிடுவார்கள். சமையல் கூடத்து வாசலில் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, நாக்கில் வந்ததைக் கொட்டினாள்.

"ஏட்டி, ஒங்க பிள்ளைய நேரத்துக்கு வராம எங்க பிள்ளைய தெனமும் பட்டினி கெடக்கு. ஒரு ஓடையத் தாண்டி வரதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? கொலுசு நனையுமோ?"

ஜைலானி அவளுக்கு நேராக வந்து நின்றாள். "அக்கா, நீங்க அந்த ஓடையில எறங்கியிருக்கீகளா?"

"எனக்கு என்ன சோலி அங்க?"

"ஆழம் அக்கா. கரையில நின்னு பார்த்தா தெரியாது. ஆழம்."

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று செல்லக்கனி உள்ளே போய்விட்டாள். மனுவில் எமல்டா டீச்சரைத் தவிர வேறு யாரும் கையெழுத்துப் போடவில்லை.

ஐப்பசி பிறந்தது. வானம் பிளந்துகொண்டு ஊற்றிய ஒரு விடியற்காலை, ஓடை கரையை நக்கிக்கொண்டு ஓடியது. விடுமுறை அறிவிப்பார்கள் என்று எமல்டா டீச்சர் ரேடியோவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள், அறிவிக்கவில்லை. அன்று சந்தனவிளை முறை. ஆனால் பலவேசத்தின் தங்கை மகளுக்கு ஊர்க் கோடியில் நிச்சயதார்த்தம், தோள் கொடுக்கிற ஆட்கள் எல்லாம் அதற்குப் பந்தல் கட்டப் போய்விட்டார்கள். இவர் போவார் என்று அவரும், அவர் போவார் என்று இவரும் நினைத்துக்கொண்டார்கள். மழையில் நனைந்த சட்டையோடு சந்தனவிளைப் பிள்ளைகளும் சூசையூர்ப் பிள்ளைகளும் வந்து ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள். மணி அடித்தார்கள். பீர்குடிப் பிள்ளைகள் வரவில்லை.

செல்லக்கனி அரிசியைக் களைந்து போட்டுவிட்டு அண்டா எதிரில் பலகை போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. வரட்டும், அந்தக் குட்டி வரட்டும், இன்றைக்கு அவள் உம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பாமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தார்கள். எமல்டா டீச்சர் இரண்டு தடவை வாசலுக்கு வந்து தெற்கே பார்த்துவிட்டுப் போனாள். ஓடிவந்த ஒரு மீன்காரி, "அந்தப் பிள்ளைய எல்லாம் அக்கரையில வந்து நிக்குதுவ, இக்கரையில ஒரு ஆளையும் காணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் போனை எடுத்து ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தாள், பந்தல் மேளத்தில் யாரும் எடுக்கவில்லை.

அப்போது உலை கொதித்தது.

முதலில் ஒரு குமிழி, பிறகு நாலைந்து, பிறகு அண்டா முழுக்க அரிசி சுழன்று சுழன்று எழும்பியது. வகுப்பறையில் பிள்ளைகள் "சோறு, சோறு" என்று கத்தித் தட்டை எடுத்தார்கள். "வந்துட்டாளா மவராசி" என்று செல்லக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் சபூரா இல்லை. வகுப்பில் இல்லை. குழாயடியில் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. எமல்டா டீச்சர் போனைக் காதிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தாள், அவள் டீச்சரைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொச்சிக்குப் போன அந்தக் குடும்பத்தின் ஞாபகம் வந்தது.

இனி வராத பிள்ளைக்கு உலை காத்திருக்காது.

செல்லக்கனி ஓடினாள், பின்னாலேயே டீச்சரும். காலில் செருப்பு இல்லை, கையில் கரண்டி இருந்தது, அதைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "அம்மா, தாயே, நான் சொன்னத மனசுல வச்சிக்கிடாத, அந்தப் பிள்ளைய விட்டுரு" என்று எந்தச் சாமியிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். அவள் கத்திக்கொண்டு ஓடிய சத்தத்தில் தெருக்கள் திறந்தன. பந்தலிலிருந்து பலவேசம் பட்டு வேட்டியோடு ஓடிவந்தார். வள்ளங்களைக் கட்டிக்கொண்டிருந்த சூசையூர் ஆட்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். உலை கொதித்துவிட்டது என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது, வேறு எதுவும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடைக்கரையில் எல்லோரும் நின்றார்கள். செம்மண் கரைத்த தண்ணீர் சுழித்து ஓடியது. முள்ளுச்செடி ஒன்றில் ஒரு சின்ன ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு துடித்தது. பலவேசம் அதைப் பார்த்துவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார், பட்டு வேட்டி நனைந்தது. "மொற எங்களது, எங்க மொறல்லா இன்னைக்கு" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். இளவட்டங்கள் இரண்டு பேர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் பார்த்தார்கள், இழுப்பு அவர்களைத் திருப்பிக் கரையில் தள்ளியது.

செல்லக்கனி தன் வாழ்நாளில் கத்தாத கத்தல் கத்தினாள். "சபூரா! ஏட்டி சபூரா!"

மழைச் சத்தத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. அக்கரையில், உப்பளத்துக் கொட்டகைக்குள்ளிருந்து, மெல்லிசான ஒரு குரல் பாட்டு மாதிரி நீட்டி முழங்கியது.

"உள்ளேன் டீச்சர்!"

கொட்டகை வாசலுக்கு ஹலீமா வந்தாள். எமல்டா டீச்சர் மாதிரியே ஒரு கையில் ஓலைக்குச்சி, இடுப்பில் இன்னொரு கை. ஓடைக்கு இந்தப் பக்கம் இத்தனை கூட்டம் நிற்பதைப் பார்த்ததும் அவள் பயந்து குச்சியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"டீச்சர்," என்று கத்தினாள், "யாரும் தூக்க வரலை டீச்சர். சபூரா செருப்பு வேற தண்ணியில போயிருச்சு. அதான் இங்கயே உட்காந்துட்டோம். நான்தான் இங்க டீச்சர். இப்பதான் பேர் கூப்பிட்டேன். எல்லாரும் வந்துருக்கோம் டீச்சர்!"

எமல்டா டீச்சர் அழுதுகொண்டே சிரித்தாள், "நல்லது மக்கா, நல்லது" என்று சொன்னாள், அது அக்கரைக்குக் கேட்டிருக்காது. ஹலீமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்கால் செருப்போடு சபூரா எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செல்லக்கனிக்கு மூச்சு வந்தது, கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

உலைக்கு என்ன வேண்டியிருந்தது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், அது எந்தக் கரையில் என்று அதற்குக் கவலை இல்லை. பலவேசம் எழுந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டு, எமல்டா டீச்சரிடம், "அந்த மனு இன்னும் இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"இருக்கு மாமா. ஆனா எண்ணிக்கை கொறஞ்சா..."

"கொறஞ்சா கொறையட்டும். பூட்ட வந்தா வாசல்ல குறுக்க படுத்துக்கிடுதேன். எங்கப்பா கட்டாம விட்ட பொட்டலம் அது, நாந்தான் கட்டணும்."

மத்தியானம் மழை விட்டது, ஓடையில் வேகம் தணிந்தது. சூசையூர் ஆட்கள் இரண்டு கரையிலும் பனைமரத்தில் சேர்த்து வடக்கயிறு கட்டினார்கள். சந்தனவிளையில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள், அண்டாவில் அக்கரைப் பிள்ளைகளின் சோறு மீதி இருந்தது. அதைத் தூக்குவாளியில் அள்ளி, மேலே வாழை இலை போட்டு மூடி, ஒரு இளவட்டத்திடம் கொடுக்கப் போனார்கள். செல்லக்கனி வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எக்கா, இன்னும் இழுப்பு இருக்கு. நாங்க கொண்டு போறோம்."

"சோறு எஞ் சோறு. நீ கயித்தப் பிடி."

அவள் வாளியைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தாள், இன்னொரு கையால் வடத்தைப் பற்றினாள், இறங்கினாள். முதல் அடியில் முழங்கால் மறைந்தது, கரையில் நின்று பார்த்து அவள் நினைத்திருந்தது அவ்வளவுதான். அடுத்த அடியில் இடுப்பு. அதற்கடுத்த அடியில் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று, குளிர்ந்த தண்ணீர் மார்புக்கு ஏறி மூச்சைப் பிடித்தது, சேலை காலில் சுற்றிக் கீழே இழுத்தது. வயது முதிர்ந்த பொம்பளை அவள், உள்ளங்காலால் துழாவித் துழாவி மண்ணைத் தேடினாள், கிடைக்கவில்லை. இதே இடத்தில் சின்னஞ்சிறு கால்கள் என்ன செய்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் அவள் வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தலையில் வாளிக்குள் சோறு, கீழே அடுப்பில்லாமல், தீயில்லாமல், மெதுவாகக் கொதிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சூடு உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்ததை வைத்துத்தான் அவள் வடத்தை விடாமல் ஒவ்வொரு முழமாகப் போனாள்.

அக்கரையில் ஜைலானி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். உப்பு அரித்து வெடித்த கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். செல்லக்கனி கரையேறி, வாளியை அவளிடம் கொடுத்துவிட்டு, சேற்றில் முட்டியிட்டு நின்று, வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பினாள். திரும்பி ஓடையைப் பார்த்தாள்.

"இம்புட்டு ஆழம் இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியேட்டி."

ஜைலானி இலையை விலக்கி ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்.

"சொன்னோம் அக்கா."